மதாமுக்குப் போட்ட நாற்காலி

பூங்குளத்துமேடு, புதுச்சேரி
22 செப்டம்பர் 2024

என் செல்லத் தங்கச்சி சிந்துஜாவுக்கு,

அக்கா அஞ்சலாட்சி எழுதுகிறேன். முத்துமாரி புண்ணியத்தில் இங்கே எல்லாரும் திடமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா? முதலில் இதற்குப் பதில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

மற்றது என்ன மற்றது! உன் செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெனீவாவிலிருந்து ஒரு அம்மா நம் காலனிக்கு வருகிறாரா? நம் காலனிக்கா? போனில் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். வருஷக்கணக்கில் மில் தறிச் சத்தத்தில் கிடந்த காதுக்குப் போன் பேச்சு விளங்காது என்பது உனக்குத் தெரியும். அதனால் வழக்கம்போலத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீயும் கையால் எழுதியே அனுப்பு. உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் உன்னைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று இப்போதே ஒத்திகை பார்க்கிறேன், நீயும் கேள்.

"அம்மா, மாசி மகத்துக்கு எல்லா ஊர்ச் சாமியும் வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். எங்க முத்துமாரியும் போவா. மெயின் ரோட்டுல டிராக்டர் நிக்கும், அதுவரைக்கும் தோள்ல தூக்கணும். நேர்வழி பெரிய தெரு. ஆனா பெரிய தெருக்காரங்க, 'காலனி சாமி எங்க தெருவுல வரக் கூடாது'ன்றாங்க. அதனால வருஷா வருஷம் பின்னால சாக்கடை வாய்க்கா கரைமேலதான் தூக்கினு போறோம். போன மாசியில கரை வழுக்கி என் வூட்டுக்காரர் விழுந்துட்டாரு. பல்லக்குத் தண்டு கால்மேல விழுந்து எலும்பு ஒடஞ்சி போச்சு. முத்துமாரி புதுப் பொடவையெல்லாம் சேறு."

எப்படி? சரியாகச் சொல்கிறேனா? உன் மாமா, "இன்னா, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி தனியா பேசிட்டிருக்க" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். இந்த மாசியில் அவள் பெரிய தெரு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். இப்போது வேலை செய்கிற மருந்துக் கம்பெனியில் என்னோடு பேக்கிங்கில் இருக்கிற சுமலதா பெரிய தெருக்காரி. மத்தியானம் என் டப்பாவில் உரிமையோடு கையை விட்டு வறுவலை எடுப்பாள். சாயங்காலம் நம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னை யாரென்றே தெரியாத மாதிரி முன்னால் போய்விடுவாள். வேண்டாம், விடு. அவள் நல்லவள்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

உன் அக்கா,
அஞ்சலாட்சி


ஜெனீவா
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

காதை மூடித்தான் நடக்கிறேன், போதுமா? இரண்டு வேளை சோறு, ஒரு வேளை ரொட்டி. மாமாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது? மழைக்கு வலிக்கிறதா?

அக்கா, உன் ஒத்திகையைப் படித்துவிட்டு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். அப்படியே சொல். ஒரு வார்த்தை மாற்றாதே. வருகிறவர் பெயர் ஐசத்தூ, செனகல் நாட்டுக்காரர். மதாம் என்று கூப்பிட்டால் போதும். உலகத்தில் அங்கங்கே சிறுபான்மையாக இருப்பவர்களையும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களையும் எப்படி நடத்துகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவதுதான் எங்கள் அமைப்பின் வேலை. பிப்ரவரியில் இங்கே ஒரு நிபுணர் குழு கூடுகிறது. அரசாங்கங்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற குழு. எங்கள் அறிக்கை அவர்கள் கைக்குப் போகும். முத்துமாரியின் வழி அந்த அறிக்கையில் ஏறிவிட்டால், டெல்லியிலிருந்து வருகிறவர்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்!

ஆனால் மதாம் தன் கண்ணால் பார்த்ததையும் அங்கே நீங்கள் வாயால் சொன்னதையும் மட்டும்தான் எழுதுவார். நான் சொல்லி எழுத மாட்டார். அவர் பேசுவது பிரெஞ்சு. நம் பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா கிருஷ்ணசாமி ஐயாவை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் அக்கா. கூடத்தில் மாட்டியிருக்கிற என் பட்டமளிப்புப் போட்டோவை அன்றைக்கு மட்டும் கழற்றி வைத்துவிடு. நீ என் அக்கா என்று மதாமுக்குத் தெரிய வேண்டாம், தெருவிலும் எல்லாரிடமும் சொல்லி வை. ஆய்வுக்குப் போகிற இடத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. உள்ளூர் அமைப்பு ஒன்று கொடுத்த ஊர்ப் பட்டியலில் நம் ஊரும் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

உங்கள்,
சிந்து


பூங்குளத்துமேடு
27 அக்டோபர் 2024

தங்கம் சிந்துவுக்கு,

அக்காவின் ஆசிகள். தீபாவளிக்கு உனக்கும் சேர்த்து அதிரசம் சுட்டிருக்கிறேன், உன் பெயரைச் சொல்லி மாமா தின்றுவிடுவார். அவர் கால் பரவாயில்லை. நடையில் மட்டும் ஒரு சாய்மானம்.

விதி என்றால் விதிதான், அக்காவுக்குப் புரியாதா? போட்டோவைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டேன். அது இருந்த இடம் சுவரில் சதுரமாக வெள்ளையாகத் தெரிந்தது. அங்கே தினசரிக் காலண்டரை மாட்டினேன். முழுசாக மறையவில்லை, ஆனாலும் யார் அதைப் பார்க்கப்போகிறார்கள்!

தெருவில் ஒரே அமளி. சொல்தா பீரோவிலிருந்து பழைய கோட்டை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தபோது போட்டது, இப்போது பொத்தான் வயிற்றைத் தாண்ட மறுக்கிறது. போகிற வருகிறவர்களிடமெல்லாம் "போன்ஜூர் மதாம்" என்று பழகுகிறார். பக்கத்து வீட்டுக் கலைமகள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். அவள் அடித்ததைப் பார்த்து எதிர்வீடு அடித்தது, அதைப் பார்த்து நானும் வெளிச்சுவருக்கு மட்டும் அடித்தேன். அந்த அம்மா எங்கே எந்த வீட்டில் உட்காருவார் என்று குழாயடியில் சண்டையே வந்தது. கடைசியில் நம் வீடு என்று முடிவாயிற்று. நான் விட்டுவிடுவேனா?

நீ கவலைப்படாதே. ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


பூங்குளத்துமேடு
19 நவம்பர் 2024

அடி சிந்து,

நலமா? நாங்கள் நலத்துக்கு மேலே நலம்! வந்துவிட்டுப் போனாரடி மதாம்!

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. உயரமான மனுஷி. தலையில் மஞ்சள் துணியை அழகாகச் சுற்றியிருந்தார். காரிலிருந்து இறங்கியதும் கலைமகள் ஆரத்தி எடுத்தாள். நம் வீட்டில் நாற்காலி ஏது? ஷாமியானா கடையில் கல்யாண நாற்காலி எடுத்து வந்தோம், வெள்ளைத் துணி போர்த்திப் பின்னால் சிவப்பு ரிப்பன் கட்டினது. அதில் உட்காரவைத்தேன். மகாராணி மாதிரி இருந்தார். காலையிலேயே உன் மாமா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து மீன் ஏலத்துக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்திருந்தார். குழம்பும் வறுவலும். ஓட்டைக் குடம், கிழிந்த பாய் எல்லாவற்றையும் சொல்தா வீட்டு மாடியில் ஏற்றிவிட்டோம்.

அப்புறம் கேள்வி கேட்டார். சொல்தா எழுந்து நின்று, பிரசங்கம் மாதிரி மொழிபெயர்த்தார்.

"தண்ணி ஒழுங்கா வருதான்னு கேக்கறாங்க."

கலைமகள் முந்திக்கொண்டாள். "நல்லா வருது மதாம், குறையே இல்ல." காலையில் லாரியில் பிடித்து நிரப்பிய தண்ணீர்தான், ஆனால் அதை இவரிடம் சொல்வானேன்?

"ஊர்க்காரங்க உங்கள எப்படி நடத்தறாங்கன்னு கேக்கறாங்க."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தான் வீட்டுக்காரி. "தாயா புள்ளையா பழகறோம் மதாம்" என்றேன். "இன்னொரு துண்டு வைக்கட்டுங்களா?"

உன் மாமா சாய்ந்து நடப்பதைப் பார்த்துக் காலில் என்ன என்று கேட்டார். "மாடிப்படியில வழுக்கிட்டேங்க" என்று போட்டார் பார், நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். நம் வீட்டில் மாடி எங்கே, படி எங்கே! மாசி மகத்தைப் பற்றிக் கேட்டார். "ஜாம் ஜாம்னு நடக்கும், நீங்க அவசியம் வரணும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். வாய்க்கால் கரைப்பக்கம் நடந்து பார்க்கலாமா என்றார். அங்கே நாற்றம், அவரைப் போய் அங்கே கூட்டிப்போவதா? பிள்ளையார் கோயில் பக்கமாகக் கூட்டிப்போய் வந்தோம்.

பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவர் ஆபீஸில் பாண்டிச்சேரிப் பெண் ஒருத்தி இருக்கிறாளாம். ரொம்பக் கெட்டிக்காரியாம். பீச் ரோட்டுப் பக்கம் பழைய பிரெஞ்சு வீட்டில் பிறந்தவளாம், அவர்கள் வீட்டில் தலைமுறையாகப் பிரெஞ்சுதான் பேசுவார்களாம். சொல்தா இதை மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் "அப்படிங்களா" என்றேன்.

போகும்போது என்னைக் கட்டிக்கொண்டார். மீன் அவ்வளவு ருசி என்று மறுபடியும் மறுபடியும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி முத்துமாரிக்கு வழி பிறந்த மாதிரிதானே?

அக்கா அஞ்சலாட்சி


ஜெனீவா
2 டிசம்பர் 2024

அக்கா,

புயல் செய்தி பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. புதுச்சேரி முழுக்கத் தண்ணீர் என்று படம் போடுகிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? மாமா எங்கே இருக்கிறார்? முதலில் "இருக்கிறோம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

அடுத்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். இன்று மதாமின் முதல் வரைவைப் பார்த்தேன். நம் ஊருக்கு அவர் எழுதியிருப்பது ஒரே ஒரு பத்தி. "இங்கே மக்கள் அண்டை அயலாருடன் இணக்கமாக வாழ்கிறார்கள். தண்ணீர் தடையின்றிக் கிடைக்கிறது. மத ஊர்வலங்களில் இடையூறு எதையும் யாரும் குறிப்பிடவில்லை."

அக்கா! ஏன் அக்கா? அத்தனை ஒத்திகை பார்த்தாயே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இது இப்படியே அச்சானால், "பாருங்கள், வெளிநாட்டுக்காரரே வந்து பார்த்துவிட்டுப் பிரச்சினை இல்லை என்று எழுதிவிட்டார்" என்று பெரிய தெருக்காரர்கள் அதையே பிரேம் போட்டு மாட்டிவைப்பார்கள். ஜனவரிக் கடைசியில் அறிக்கையை முடித்துவிடுவோம்.

உடனே பதில் போடு.

சிந்து


பூங்குளத்துமேடு
8 டிசம்பர் 2024

சிந்துவுக்கு,

இருக்கிறோம். முழங்கால் அளவுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, வடிந்துவிட்டது. அடித்த சுண்ணாம்பெல்லாம் கீழ்ச்சுவரில் கரைந்துபோயிற்று. அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றியிருந்தேன், உன் போட்டோ நனையவில்லை.

வாய்க்கால் கரை உடைந்துவிட்டது. நம் காலனியிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் கரையே இல்லை, வெறும் பள்ளம். அதாவது, வரும் மாசியில் முத்துமாரிக்குச் சேற்று வழிகூடக் கிடையாது. பெரிய தெரு வழியாகப் போனால் உண்டு, இல்லையென்றால் அவள் கோயிலுக்குள்ளேயே உட்கார வேண்டியதுதான். இதற்கு மேல் நீ வேறு என்னைக் கோபிக்க வேண்டுமா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நீ எந்த ஊரில் பிறந்தவள்? முதல் தடவையாக வீட்டு வாசலை மிதித்து, தாகத்தோடு உட்கார்ந்து, நம் கையால் சோறு வாங்கித் தின்கிற மனுஷியிடம் "எங்களைத் தெருவில் விட மாட்டார்கள்" என்று யாராவது சொல்வார்களா? அவருக்குச் சோறு இறங்குமா? நமக்கும் மானம் இல்லையா? எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிச் சிரித்தார். அப்புறம் எப்படிச் சொல்வேன்?

தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீயும் ஒன்று கேள். மதாம் வருவதற்கு முன்னால் நீ எங்களுக்குச் சொன்ன முதல் வேலையே மறைக்கிற வேலைதான். "போட்டோவைக் கழற்று, அக்கா என்று சொல்லாதே." நீ ஒன்றை மறைக்கச் சொன்னாய், நாங்கள் அதோடு நாலைச் சேர்த்து மறைத்தோம். அவர் உன்னைப் பீச் ரோட்டுப் பெண் என்று சொன்னபோது, அது எங்கிருந்து வந்தது என்று நான் உன்னைக் கேட்டேனா?

கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. காலனிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போனில் படம் பிடித்து அனுப்புகிறோம். உடைந்த கரை, லாரித் தண்ணீர், உன் மாமா கால், எல்லாம். கலைமகள் வேறு அழுதுகொண்டே பேசியிருக்கிறாள். அதை என்ன செய்வாயோ நீயே பார்.

அக்கா


பூங்குளத்துமேடு
16 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் வாழ்த்து. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. நாங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டாய் என்று போன் நீலக் குறி காட்டுகிறது, பதில்தான் வரவில்லை.

போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். நான் எழுதினால் அப்படித்தான், உனக்குத் தெரியாதா? கோபம் என்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே. மாமா தினமும், "கொழந்தகிட்டேருந்து எதுனா வந்துச்சா" என்று கேட்கிறார். "வேல அதிகமாம்" என்று நானாகச் சொல்லி வைக்கிறேன்.

பல்லக்குக்குப் புதுத் தண்டு செய்யக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வழி என்று தெரியாமலேயே செய்கிறார்கள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா


ஜெனீவா
24 ஜனவரி 2025

என் அக்காவுக்கு, மாமாவுக்கு, கலைமகள் அக்காவுக்கு, சொல்தா ஐயாவுக்கு, தெருவில் இருக்கிற எல்லாருக்கும்,

நன்றாக இருக்கிறேன்! இவ்வளவு நாள் நன்றாக இல்லை, அதனால்தான் எழுதவில்லை. இன்று இருக்கிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை அறிக்கையை முடிக்கிற கூட்டம். பெரிய திரையில் ஒவ்வொரு ஊராகப் படம் காட்டினார்கள். நம் ஊர் வந்தது. திரை முழுக்க நம் கூடம், அக்கா! மதாம் ரிப்பன் கட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் காலண்டர், அதைச் சுற்றி வெள்ளையாக அந்தச் சதுரம். "இங்கே புகார் இல்லை, அடுத்தது" என்றார்கள். நான் எழுந்துவிட்டேன். எழுவேன் என்று எனக்கே தெரியாது.

"அந்தக் காலண்டருக்குப் பின்னால் என் போட்டோ மாட்டியிருந்த இடம் இருக்கிறது" என்றேன். "அது என் வீடு. மீன் வைத்தவர் என்னை வளர்த்த அக்கா. அந்த நாற்காலி வாடகைக்கு எடுத்தது, எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. பீச் ரோட்டில் எனக்கு வீடும் கிடையாது."

மதாம், "அப்படியென்றால் ஏன் ஒருவர்கூடச் சொல்லவில்லை?" என்று கேட்டார். நீ எழுதியதையே சொன்னேன். முதல் தடவை வீட்டுக்கு வந்தவரிடம் எங்கள் ஊரில் குறை சொல்ல மாட்டார்கள், சோறு போட்டுச் சிரித்து அனுப்புவார்கள் என்றேன். மதாம் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். அப்புறம் பட்டென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் அம்மாவும் இதையேதான் செய்திருப்பார். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று!" நீங்கள் அனுப்பிய படங்களை அப்புறம் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். கலைமகள் அக்கா அழுதபோது மதாமும் அழுதார்.

அந்தப் பத்தி போயிற்று, அக்கா. புதுசாக எழுதுகிறார்கள். சொந்தக்காரி என்பதால் அறிக்கையில் நான் கைவைக்கக் கூடாது, அந்த விதி நிஜம்தான். பதிலுக்கு, அந்த நிபுணர் குழுவின் முன்னால் உங்களில் ஒருத்தியாக நானே பேசப்போகிறேன்! பிப்ரவரி பத்தொன்பது. இணையத்தில் நேரலை உண்டு, எல்லாரும் பாருங்கள்.

பீச் ரோடு வீடு ஆபீஸ் விதி இல்லை அக்கா. இங்கே கோபிநாத் என்று சென்னைக்காரர் ஒருவர் வேலை செய்கிறார். சேர்ந்த முதல் நாள், "பாண்டிச்சேரில நீங்க எந்த ஏரியா? எந்தத் தெரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பீச் ரோடு என்று வாயில் வந்துவிட்டது.

உன்,
சிந்து


பூங்குளத்துமேடு
20 பிப்ரவரி 2025

அடி என் ராசாத்தி,

நீ நலமாகத்தான் இருக்கிறாய், நேற்று கண்ணாரப் பார்த்தேனே! கொஞ்சம் இளைத்திருக்கிறாய். அந்தக் கறுப்புக் கோட்டு யாருடையது? உனக்குப் பெரிசு.

சமுதாயக் கூடத்தில் டிவியில் போனை இணைத்து எல்லாரும் பார்த்தோம். நிற்க இடமில்லை. உன் பெயரைக் குழுவை நடத்துகிற வெள்ளைக்காரர் எப்படியோ சொல்லிக் கூப்பிட்டதும் விசில் பறந்தது. நீ பேசியது பிரெஞ்சில், எங்களுக்கு என்ன தெரியும்? "பூங்குளத்துமேடு" என்றாய், "முத்துமாரி" என்றாய், "அன்பழகன்" என்றாய். அது போதாதா! உன் மாமா பெயர் ஜெனீவாவில் ஒலிக்கிறது, மனுஷன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்புகிறார். சொல்தா நாற்காலிமேல் ஏறி நின்று மொழிபெயர்த்தார். அந்தக் குழுவில் ஒரு பெரியவர், "ஒரு தெய்வம் பொதுச் சாலையில் போக ஏன் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும்?" என்று கேட்டாராமே! அதை மட்டும் சொல்தா இரண்டு தடவை சொன்னார்.

பெரிய தெருப் போன்களிலும் அது ஓடியிருக்கிறது. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இன்று காலையில் தாலுகா ஆபீஸ் அதிகாரி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சத்தம், சண்டை, ஒருத்தர் மேஜையைக் குத்தினார். கடைசியில், போகலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் சிந்து! போகலாம்! போலீஸ் காவலோடு. பட்டாசு கூடாது, மேளம் கூடாது, தெருவில் எந்த இடத்திலும் சாமி நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

நிற்காமல் போவதா என்று கலைமகள் பொருமுகிறாள். போகிறாளே, அது போதும் என்கிறேன் நான்.

சுமலதா இன்று மத்தியானம் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அக்கா


ஜெனீவா
2 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

சுகம். அந்தக் கோட்டு மதாமுடையது, ராசியான கோட்டு என்று எனக்குப் போட்டுவிட்டார்.

மாசி மகத்துக்கு வரத் துடிக்கிறேன், லீவு கிடைக்கவில்லை. மதாம் உன் மீன் குழம்பைப் பற்றி ஆபீஸ் முழுக்கப் பேசிவிட்டார். கோபிநாத் இப்போது வேறு மேஜையில் சாப்பிடுகிறார். மதாம் தட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிட்டார்.

மாமா இந்த வருஷம் தூக்க வேண்டாம் என்று சொல். கால் கால்தான். போய் வந்ததும் ஒன்று விடாமல் எழுது. அக்கா, யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது.

சிந்து


பூங்குளத்துமேடு
14 மார்ச் 2025

என் சிந்துவுக்கு,

எல்லாரும் முழுசாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மெதுவாகப் படி.

உன் மாமா தூக்கினார். யார் சொல்லிக் கேட்கிறார்? "போன வருஷம் நான்தான் அவள கீழ போட்டேன், நான்தான் தூக்குவேன்" என்று முன் தண்டில் தோள் கொடுத்துவிட்டார். விடிந்த உடனே கிளம்பினோம். முத்துமாரிக்கு அரக்குப் புடவை, கலைமகள் கட்டிய கதம்ப மாலை. மேளம் இல்லை. பெரிய தெரு முனையில் திரும்பும்போது என் நெஞ்சு அடித்த அடியில் என் செவிட்டுக் காதுக்கே சத்தம் கேட்டது.

முத்துமாரி திரும்பிவிட்டாள், சிந்து! நான் பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் அவளைப் பார்த்ததில்லை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வாசலில் கோலம்கூடப் போடவில்லை, வேண்டுமென்றே. இரண்டு பக்கமும் போலீஸ். "நடங்க, நடங்க, நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். நாங்களும் தலையைக் குனிந்து நடந்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் மூடிக் கிடந்த கதவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தேன்.

பாதித் தெரு தாண்டியிருப்போம். ஒரு கதவு திறந்தது.

சுமலதா. ஈரத் தலையோடு, தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம். உள்ளேயிருந்து அவள் மாமனார், "உள்ள வாடி!" என்று கத்துகிறார். அவள் திரும்பியே பார்க்கவில்லை. படி இறங்கி வந்து நடுத்தெருவில் நின்று கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள்.

தட்டு ஏந்தி நிற்கிறவரைத் தாண்டிச் சாமி போகுமா? உலகத்தில் எந்தச் சாமி போகும்? உன் மாமா நின்றார். பின்னால் எல்லாரும் நின்றார்கள்.

"யோவ், நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு, நடங்கய்யா" என்றார் போலீஸ்காரர்.

"நான் எங்க சார் நின்னேன்" என்றார் உன் மாமா. "சாமி நிக்குது. நான் இன்னா பண்றது?"

போலீஸ்காரர் முத்துமாரியைப் பார்த்தார், கற்பூரத்தைப் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் குலவை போட்டேன் பார், மேளம் கூடாது என்றுதானே சொன்னார்கள், குலவை கூடாது என்று யார் எழுதினார்கள்? அத்தனை பெண்களும் போட்டோம். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. மற்றக் கதவெல்லாம் சாத்தியபடியேதான் இருந்தன, பொய் சொல்ல மாட்டேன். இனிமேல் உனக்கு எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதுவதில்லை.

வைத்திக்குப்பத்தில் கடலில் நின்று அவளுக்குத் தண்ணீர் வார்க்கும்போது உன் மாமா சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும்தான்.

சுமலதாவோடு அவள் மாமனார் பேசுவதில்லையாம். நேற்று மத்தியானம் என் டப்பாவில் கையை விட்டாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அவள் முன்னால் போகவில்லை. "யக்கா, பை கனமா இருக்கு, ஒரு காது புடி" என்றாள். பெரிய தெரு முனை வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் பையைச் சேர்ந்தே தூக்கி வந்தோம்.

உன் போட்டோவை அதே இடத்தில் மாட்டிவிட்டேன். காலண்டருக்கு வேறு ஆணி அடித்தாயிற்று.

மதாமுக்கு என் வணக்கத்தைச் சொல். அடுத்த தடவை வந்தால் நாற்காலி கிடையாது, நம் பாய்தான். வாய்க்காலைக் காட்டுகிறேன், லாரித் தண்ணீரைக் காட்டுகிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் முதலில் சாப்பிட்டு முடிக்கட்டும்.

உன் அக்கா,
அஞ்சலாட்சி